ட்ரெல்லோவையும் கிட்ஹப்பையும் இணைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கடிதம் டைப் செய்து, படம் பார்த்து, இமெயில் அனுப்பிப் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகு வருவது ஒரு கேள்வி: "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" நாலு பேர் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் எது முடிந்தது, எது பாக்கி, யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது கம்ப்யூட்டர் நன்றாகச் செய்யும் வேலைகளில் ஒன்று. அதற்கான இரண்டு இலவச வசதிகளையும், அவை இரண்டையும் இணைக்கும் வழியையும் இங்கு பார்க்கலாம்.

இரண்டு எதற்கு, ஒன்று போதாதா என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சிறிய வாசகசாலை உண்டு. எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் காட்டும் புரோகிராம் ஒன்றை ஒரு கல்லூரி மாணவர் எழுதித் தருகிறார். அவர் தன் வேலைகளை எல்லாம் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறார். வாசகசாலையைக் கவனித்துக் கொள்ளும் அக்காவோ தன் போனில் ட்ரெல்லோ வைத்திருக்கிறார். "அக்கா, நீங்களும் கிட்ஹப்புக்கு வந்துவிடுங்களேன்" என்று தம்பி பலமுறை கேட்டுப் பார்த்தார். "அந்தக் கறுப்புத் திரையெல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி" என்பதுதான் பதில். அக்கா கேட்பது தம்பிக்குப் போக வேண்டும். தம்பி முடித்தது அக்காவுக்குத் தெரிய வேண்டும். நடுவில் இருப்பவன் நான்.

கிட்ஹப், ட்ரெல்லோ: ஒரு சிறு அறிமுகம்

புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வரிகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்க கிட் என்னும் சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது இது. அப்படிப் பதிந்தவற்றை இணையத்தில் வைத்துப் பலரும் சேர்ந்து வேலை பார்க்க இடம் தரும் தளமே கிட்ஹப். 2008ல் தொடங்கிய இந்தத் தளத்தை 2018ல் மைக்ரோசாப்ட் 750 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

கிட்ஹப்பில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் மூன்றே மூன்று. ஒரு புரோகிராமுக்கான பைல்கள் எல்லாம் இருக்கும் இடம் ரிப்பாசிட்டரி. "இது சரியில்லை, இது வேண்டும்" என்று எழுதி வைக்கும் சீட்டு இஷ்யூ. ஒவ்வொரு இஷ்யூவுக்கும் ஓர் எண் உண்டு. "இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறேன், பார்த்துச் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று கேட்பது புல் ரிக்வெஸ்ட்.

இந்தச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் பலகைக்கு கிட்ஹப் புராஜெக்ட்ஸ் என்று பெயர். 2016ல் முதலில் வந்தது. இப்போது இருப்பது 2022ல் வந்த புதிய வடிவம். பழைய வடிவம் 2024ல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே இணையத்தில் தேடும்போது 'கிளாசிக் புராஜெக்ட்ஸ்' என்று போட்டு வழி சொல்லும் பழைய பக்கங்கள் கிடைத்தால் அவற்றை விட்டுவிடுங்கள். அதில் சொல்லும் பட்டன்கள் இப்போது இருக்காது.

ட்ரெல்லோவும் பலகைதான். 2011ல் வந்தது, 2017ல் அட்லாசியன் நிறுவனம் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. பலகையில் லிஸ்ட்கள், லிஸ்டில் கார்டுகள். கார்டை மவுஸால் பிடித்து இழுத்து அடுத்த லிஸ்டில் விட்டால் வேலை நகர்ந்தது என்று பொருள். புரோகிராம், இஷ்யூ என்ற சொல் எதுவும் கண்ணில் படாது. அக்காவுக்குப் பிடித்ததன் காரணம் இதுதான். இந்தப் பலகை முறை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் எந்த உதிரி பாகம் எப்போது வேண்டும் என்று காட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார்கள். அதற்கு கான்பான் என்று பெயர்.

ஒரு வார்த்தை. உங்கள் குழுவில் எல்லோருக்கும் கிட்ஹப் ஒத்துவரும் என்றால் ட்ரெல்லோவே வேண்டாம். கிட்ஹப் புராஜெக்ட்ஸ் பலகை ஒன்றே போதும். ஒரே சாப்ட்வேரில் முடியும் வேலைக்கு இரண்டை வைத்து இணைப்பது வீண் சிரமம். எங்களைப் போல இரண்டு தரப்பு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் வழி: பவர்-அப்

ட்ரெல்லோவில் கூடுதல் வசதிகளுக்கு பவர்-அப் என்று பெயர். கிட்ஹப்புக்கும் ஒன்று இருக்கிறது. ட்ரெல்லோ பலகையைத் திறந்து பவர்-அப்ஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். தேடும் கட்டத்தில் கிட்ஹப் என ஆங்கிலத்தில் டைப் செய்தால் வந்து நிற்கும். ஆட் என்பதைக் கிளிக் செய்து, உங்கள் கிட்ஹப் கணக்கை இணைக்க அனுமதி கொடுங்கள். இப்போது எந்தக் கார்டைத் திறந்தாலும் கிட்ஹப் என்றொரு பட்டன் இருக்கும். அதில் அட்டாச் இஷ்யூ, அட்டாச் புல் ரிக்வெஸ்ட் போன்ற பிரிவுகள் கிடைக்கும். தேவையான இஷ்யூவைத் தேர்ந்தெடுத்தால் அது கார்டோடு ஒட்டிக்கொள்ளும். கிட்ஹப்பில் அந்த இஷ்யூ திறந்திருக்கிறதா, மூடப்பட்டுவிட்டதா என்பது ட்ரெல்லோ கார்டிலேயே தெரியும்.

பலரும் இங்கே ஏமாந்து போகிறார்கள். பவர்-அப் போட்டுவிட்டால் இரண்டு பலகையும் ஒன்றாக நகரும் என்று நினைக்கிறார்கள். நகராது. பவர்-அப் செய்வது ஒட்டுவதும் காட்டுவதும் மட்டுமே. புதிய கார்டு போட்டால் புதிய இஷ்யூ தானாக வராது; இஷ்யூவை மூடினால் கார்டு தானாக நகராது.

இரண்டாவது வழி: நடுவில் ஒரு தூதுவர்

கார்டு போட்டவுடன் இஷ்யூ வர வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு சேவை வேண்டும். ஜாப்பியர் அப்படிப்பட்ட ஒன்று. "அங்கே இது நடந்தால் இங்கே இதைச் செய்" என்பதுதான் அதன் வேலை. அந்த ஒரு கட்டளைக்கு ஜாப் என்று பெயர். கட்டணம் இல்லாத கணக்கில் இதை எழுதும்போது மாதம் 100 வேலைகள் வரை செய்துகொள்ளலாம். சிறிய குழுவுக்கு இது தாராளம்.

ஜாப்பியரில் கணக்கு திறந்து கிரியேட் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். முதலில் டிரிக்கர் கேட்கும். அதாவது, எது நடந்தால் தொடங்க வேண்டும் என்பது. ட்ரெல்லோவைத் தேர்ந்தெடுத்து, 'கார்ட் மூவ்ட் டு லிஸ்ட்' என்பதைக் கொடுங்கள். 'நியூ கார்ட்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அக்கா மனதில் தோன்றுவதை எல்லாம் கார்டாகப் போடுவார். சில பாதியில் நிற்கும், சில மறுநாள் அழிக்கப்படும். அவை அத்தனையும் தம்பியின் பலகையில் போய் விழுந்தால் அவர் ஒரே வாரத்தில் அந்தப் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். எனவே ட்ரெல்லோவில் 'தம்பிக்கு அனுப்பு' என்று தனியாக ஒரு லிஸ்ட் வைத்தோம். அக்கா யோசித்து முடித்து அந்த லிஸ்டுக்கு இழுத்த கார்டு மட்டுமே கிட்ஹப்புக்குப் போகும்.

அடுத்து ஆக்‌ஷன். இதில் கிட்ஹப்பையும், 'கிரியேட் இஷ்யூ' என்பதையும் தேர்ந்தெடுங்கள். எந்த ரிப்பாசிட்டரி என்று கேட்கும். தலைப்பு என்னும் கட்டத்தில் ட்ரெல்லோ கார்டின் பெயரைப் பொருத்துங்கள். பாடி என்னும் கட்டத்தில் கார்டின் விளக்கத்தையும், அதன் கீழே கார்டின் இணைய முகவரியையும் பொருத்துங்கள். அந்த முகவரி இருந்தால்தான் தம்பி ஒரு கிளிக்கில் அக்காவின் கார்டுக்கு வந்து சந்தேகம் கேட்க முடியும். சோதனை செய்து பார்த்து, சரியாக இருந்தால் பப்ளிஷ் செய்திடுங்கள். கார்டை இழுத்ததும் இஷ்யூ வரவில்லை என்று பதற வேண்டாம். கட்டணமில்லாக் கணக்கில் சில சமயம் 15 நிமிடம் வரை ஆகலாம்.

தமிழில் கார்டு எழுதலாமா? தாராளமாக எழுதலாம். இரண்டு தளமும் யுனிகோட் தமிழை நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து வைத்திருப்பதை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இஷ்யூவில் இருந்து பலகைக்கு

இப்போது இஷ்யூ கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. அது புராஜெக்ட்ஸ் பலகையிலும் ஏற வேண்டும் அல்லவா? இதற்கு வெளியார் உதவி தேவையில்லை. கிட்ஹப்பிலேயே வசதி இருக்கிறது. புராஜெக்டைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் ஒர்க்ஃப்ளோஸ் என்பதற்குச் செல்லுங்கள். 'ஆட்டோ-ஆட் டு புராஜெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எடிட் கிளிக் செய்து, உங்கள் ரிப்பாசிட்டரியைக் காட்டிவிட்டு சேமித்து இயக்கிவிடுங்கள். இனி புதிதாக வரும் இஷ்யூக்கள் தானாகப் பலகையில் ஏறும். ஏற்கெனவே இருக்கும் பழைய இஷ்யூக்கள் இதனால் ஏறாது. அவற்றை ஒருமுறை கையால் சேர்க்க வேண்டும்.

அதே இடத்தில் 'ஐட்டம் ஆடட் டு புராஜெக்ட்' என்று ஒன்று இருக்கும். அதையும் இயக்கி, நிலையை 'டூடு' என்று வைத்திடுங்கள். இல்லையென்றால் புதிய சீட்டுகள் எந்த வரிசையிலும் சேராமல் தனியே கிடக்கும். இஷ்யூவை மூடினால் 'டன்' வரிசைக்கு நகர்த்தும் வேலை மட்டும் புராஜெக்ட் தொடங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும்.

தம்பி செய்யும் ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். தன் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஃபிக்சஸ்' என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, # அடையாளமும் இஷ்யூவின் எண்ணும் போடுகிறார். அந்த மாற்றம் முக்கியக் கிளையில் சேர்க்கப்பட்டதும் அந்த இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். மூடியதும் பலகையில் 'டன்' வரிசைக்குப் போய்விடும். அவர் பலகையைத் தொடவே தேவையில்லை.

திரும்பி வரும் பாதை வேண்டாம்

இதை அமைத்த அன்றே தம்பி கேட்டார், "சார், இஷ்யூ மூடினதும் அக்காவோட கார்டும் தானா 'முடிந்தது' லிஸ்டுக்குப் போற மாதிரி செய்யலாமே?" செய்யலாம். இரண்டு பக்கமும் ஒத்திசைக்கும் சேவைகள் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் இரண்டு.

முதல் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. கார்டு வந்தால் இஷ்யூ போடு என்று ஒரு ஜாப். இஷ்யூ வந்தால் கார்டு போடு என்று இன்னொரு ஜாப். இரண்டையும் கவனமில்லாமல் அமைத்தால் என்ன ஆகும்? கார்டு ஓர் இஷ்யூவைப் பெறும், அந்த இஷ்யூ ஒரு கார்டைப் பெறும், அது மறுபடி ஓர் இஷ்யூவை... மாதத்துக்கான 100 வேலையும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். தம்பியின் பலகையில் 'டன்' என்றால் புரோகிராம் வரிகள் சேர்ந்துவிட்டன என்று பொருள். அக்காவின் பலகையில் 'முடிந்தது' என்றால் வாசகசாலைக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்வதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார் என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. தவணை தாண்டிய புத்தகங்களைச் சிவப்பில் காட்ட வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். தம்பி எழுதினார், சேர்த்தார், இஷ்யூ மூடியது. ஆனால் வாசகசாலைக் கம்ப்யூட்டரில் இருந்தது முந்தைய பதிப்பு. புதியதைக் கொண்டுவந்து இன்ஸ்டால் செய்தது நான்கு நாள் கழித்துத்தான். கார்டு தானாக நகர்ந்திருந்தால் அந்த நான்கு நாளும் 'முடிந்தது' என்று பலகை சொல்லும், சிவப்பைக் காணோம் என்று அக்கா சொல்வார். பிறகு பலகையை யார் நம்புவார்கள்?

எனவே எங்கள் ஏற்பாடு இப்படி. கோரிக்கை தானாகப் போகும். இஷ்யூவின் நிலை பவர்-அப் வழியாகக் கார்டில் தெரியும். அதை ஒட்டுவது மட்டும் என் வேலை, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம். கார்டை 'முடிந்தது' லிஸ்டுக்கு நகர்த்தும் உரிமை அக்காவுக்கு மட்டும். சரியில்லை என்றால் கார்டில் காரணம் எழுதுவார். தம்பி இஷ்யூவை மறுபடி திறப்பார்.

அக்காவுக்குக் கார்டு போட நேரமில்லாத நாட்களும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ட்ரெல்லோ பலகைக்கும் உங்களுக்கென்று ஓர் இமெயில் முகவரி தருகிறார்கள். பலகையின் மெனுவில் அது கிடைக்கும். அதற்கு மெயில் அனுப்பினால் சப்ஜெக்ட் வரி கார்டின் பெயராகவும், உள்ளே எழுதியது விளக்கமாகவும் மாறிவிடும். அந்த முகவரியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்தவர் எவரும் உங்கள் பெயரிலேயே கார்டு போடலாம்.

அனுமதி கேட்கும் திரையைப் படியுங்கள்

இணைக்கும்போது பச்சை நிறத்தில் ஆத்தரைஸ் என்று ஒரு பட்டன் வரும். எல்லோரும் படிக்காமல் அழுத்தும் பட்டன் அது. அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

கிட்ஹப்பில் வெளிச் சேவைகள் இரண்டு விதமாக அனுமதி கேட்கின்றன. கிட்ஹப் ஆப் என்னும் முறையில் 'ஒன்லி செலக்ட் ரிப்பாசிட்டரிஸ்' என்று தேர்ந்தெடுத்து, இந்த ஒன்றை மட்டும் பார் என்று கட்டுப்படுத்தலாம். ஓஆத் ஆப் என்பது பழைய முறை. அதில் பிரைவேட் ரிப்பாசிட்டரிக்கு அனுமதி கேட்டால், நீங்கள் தொடக்கூடிய எல்லா ரிப்பாசிட்டரிகளையும் படிக்கவும் எழுதவும் சாவி கொடுத்ததாகிவிடும். ஒரு வீட்டின் சாவி கேட்டவருக்குத் தெருவின் சாவிக்கொத்தையே கொடுப்பது போல.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 ஏப்ரலில் கிட்ஹப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹெரோக்கு, டிராவிஸ் சிஐ ஆகிய இரண்டு வெளிச் சேவைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஓஆத் டோக்கன்களை யாரோ திருடி, அவற்றை வைத்துப் பல அமைப்புகளின் பிரைவேட் ரிப்பாசிட்டரிகளில் இருந்து தகவல்களை டவுன்லோட் செய்துவிட்டார்கள். கிட்ஹப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. வெளியே கொடுத்து வைத்திருந்த சாவிதான் திருடு போனது.

ட்ரெல்லோ பக்கமும் கவனம் தேவை. பலகையை பிரைவேட், ஒர்க்ஸ்பேஸ், பப்ளிக் என்று வைக்கலாம். பப்ளிக் என்றால் கூகுளில் தேடுபவருக்கும் அகப்படும். பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருந்த பல பப்ளிக் பலகைகள் அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2018ல் வெளியானது.

வாசகசாலை உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. அந்தப் பட்டியலை நாங்கள் கிட்ஹப்பிலும் வைப்பதில்லை, ட்ரெல்லோவிலும் வைப்பதில்லை. அது வாசகசாலைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. "இன்னார் புத்தகம் தரவில்லை" என்று கார்டு எழுதக்கூடாது, உறுப்பினர் எண்ணை மட்டும் எழுத வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜாப்பியரை தம்பியின் சொந்தக் கணக்கில் இணைக்கவும் இல்லை. அவருடைய கல்லூரி வேலை எல்லாம் அதில் இருக்கிறது. கிட்ஹப் விதிகளின்படி ஒருவர் ஓர் இலவசக் கணக்கோடு, தானியங்கி வேலைகளுக்கென்று ஒரு மிஷின் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்று திறந்து, வாசகசாலை ரிப்பாசிட்டரியில் மட்டும் அதை உறுப்பினராகச் சேர்த்து, அந்தக் கணக்கின் பெயரில் ஜாப்பியருக்கு அனுமதி கொடுத்தோம். சாவி திருடு போனாலும் திறப்பது ஒரே ஒரு கதவுதான். இதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. தானாக வந்த இஷ்யூக்கள் எல்லாம் அந்தக் கணக்கின் பெயரில் வருவதால் எது அக்காவிடமிருந்து வந்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். புரோகிராம் சேர்ப்பவர்களிடம் 2023 முதல் கிட்ஹப்பே இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. அப்போது தரப்படும் ரெக்கவரி கோடுகளை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

இணைப்பு வேண்டாம் என்று தோன்றினால் ஜாப்பியரில் ஜாப்பை நிறுத்துவது மட்டும் போதாது. கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும். கிட்ஹப்பில் உங்கள் படத்தைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். அதில் அப்ளிகேஷன்ஸ் என்னும் பிரிவைத் திறந்தால் இன்ஸ்டால்ட் கிட்ஹப் ஆப்ஸ், ஆத்தரைஸ்டு கிட்ஹப் ஆப்ஸ், ஆத்தரைஸ்டு ஓஆத் ஆப்ஸ் என்று மூன்று டேப் இருக்கும். மூன்றையும் பாருங்கள். எப்போதோ எதற்கோ அனுமதி கொடுத்துவிட்டு மறந்துபோன பெயர்களும் அங்கே இருக்கலாம். ஆத்தரைஸ்டு என்ற இரண்டு டேப்களில் தேவையற்றதன் எதிரே ரிவோக் கொடுங்கள். இன்ஸ்டால்ட் டேப்பில் கான்ஃபிகர் கிளிக் செய்தால் கீழே அன்இன்ஸ்டால் இருக்கும்.